சமாதானக் குழு சாப்பிட்ட வீடு

தேரிச் செம்மணலுக்கும் உப்பளத்துக்கும் நடுவே ஒரு சபை இருந்தது. அங்கே குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம். குரு, ஆயர் ஹெப்சிபா. நாற்பதைத் தொட்டவர். சீடர், அதே சபையில் ஆயருக்குத் துணையாக ஊழியம் செய்யும் உபதேசியார் ஏசுவடியான். பேரன் எடுத்தவர். உபதேசியார் ஆயரை அம்மா என்பார், ஆயர் அவரை அண்ணாச்சி என்பார். ஊரில் இதைக் கேலி பேசியவர்கள் உண்டு. இருவரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஏசுவடியானுக்குச் சந்தேகம் வந்தால் மனதில் வைத்திருக்கத் தெரியாது. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆயர் குடியிருக்கும் குருமனைக்கு வந்துவிடுவார். ஹெப்சிபா உடனே பதில் சொன்னதாகச் சரித்திரம் கிடையாது. முதலில் காப்பி வரும். பிறகு ஏதாவது வேலை வரும். பதில் வந்தால் வரும்.

அந்த ஆண்டு சபை ஒரு தீர்மானம் எடுத்திருந்தது. சபையைச் சேர்ந்த எந்த வீட்டிலும் எந்தப் பெண்ணும் பெண்பிள்ளையும் அடிபடக் கூடாது. ஆலய வாசலில் பேனர் கட்டினார்கள். ஞாயிறு ஆராதனையில் ஆண்கள் எல்லோரும் எழுந்து நின்று உறுதிமொழி எடுத்தார்கள். சண்டை நடக்கிற வீடுகளுக்குப் போய்வர ஒரு சமாதானக் குழுவும் அமைத்தார்கள். அதற்கு ஏசுவடியான் தலைவர்.

குழுவுக்கு நல்ல பெயர். சண்டை என்று காதில் விழுந்தால் அன்று மாலையே போய் நிற்பார்கள். புருஷனை உட்கார வைத்து வேதம் வாசிப்பார்கள். அவன் முழங்காலில் நின்று அழுவான். மனைவியைக் கூப்பிட்டு அவள் கையை எடுத்து அவன் கையில் வைப்பார்கள். ஜெபம் முடிந்ததும் அந்த வீட்டிலேயே சாப்பிடுவார்கள். கை நனைத்துவிட்டு வந்தால்தான் சமாதானம் நிலைக்கும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். இதுவரை ஒரு குடும்பம்கூட போலீஸ் ஸ்டேஷன் படி ஏறியதில்லை என்று சபைக் கமிட்டியில் சொல்லும்போது ஏசுவடியானின் குரலே தனியாக இருக்கும்.

ஒரு சனிக்கிழமை மதியம் குருமனை வாசலில் அவர் சைக்கிள் வந்து நின்றது.

உப்பளத்தில் மேஸ்திரியாக இருக்கும் சாமுவேல்துரையின் மனைவி பாக்கியசீலி, அன்று விடிந்தும் விடியாமலும் மகளைக் கூட்டிக்கொண்டு குருமனைக்கு வந்திருந்தாள். அவளுக்குப் போய் உட்காரத் தாய் வீடு என்று ஒன்று இல்லை. அவள் வீட்டில் குழு ஏற்கெனவே மூன்று தடவை சமாதானம் செய்திருந்தது. சாமுவேல்துரை பாடகர் குழுவில் பாடுகிறவன். நல்ல குரல் அவனுக்கு.

நாளைக்கு நற்கருணை ஆராதனை, அதற்குள் பாக்கியசீலியைப் பேசி வீட்டில் சேர்த்துவிடுகிறேன் என்றார் ஏசுவடியான். ஹெப்சிபா காப்பியை நீட்டினார். அவர் வாங்கினார், ஆனால் குடிக்கவில்லை.

"ஜெபத்துல குறை வச்சோமா? இல்ல, புத்தி சொன்னதுல குறையா? மூணு தடவ சமாதானம் பண்ணியும் ஏன் நிலைக்கல? நாங்க எங்கம்மா தப்பு விட்டோம்?"

கேள்வியில் வேஷம் இல்லை. அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். அதனால்தான் ஹெப்சிபாவுக்கு அவரை அத்தனை பிடிக்கும்.

"அந்த வீட்டுல சாப்பிட்டீங்களா அண்ணாச்சி?"

"சாப்பிடாம வருவோமா? நாட்டுக்கோழிக் குழம்பும் இடியாப்பமும்."

"யாரு வச்சது?"

"பாக்கியசீலிதான். அவ கைப்பக்குவம் இருக்கே..."

பாதியில் நிறுத்திக்கொண்டார். ஏன் நிறுத்தினோம் என்று அவருக்கே சரியாக விளங்கவில்லை.

பாக்கியசீலி உள்ளே படுத்திருந்தாள். காலையில் ஹெப்சிபாதான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் இடது கைக்குக் கட்டுப் போட்டு அழைத்து வந்தார். எக்ஸ்ரேயில் பழைய முறிவு ஒன்று தானாகவே ஆறிய தடமும் தெரிந்தது. அந்தக் கையை வைத்துக்கொண்டுதான் அவள் பெரியவர்களுக்கு இடியாப்பம் பிழிந்திருக்கிறாள்.

ஹெப்சிபா இதை அவரிடம் சொல்லிவிட்டுக் குடையை எடுத்தார். "வாங்க, போவோம். சமாதானக் குழுவோட நான் இதுவரைக்கும் வந்ததே இல்லயே."

சாமுவேல்துரை இவர்களைக் கண்டதும் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டான். முறையெல்லாம் அவனுக்குக் குழுவைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. வேதபுத்தகத்தை அவனே எடுத்து வந்தான். வாசித்து முடிப்பதற்குள் முழங்காலில் நின்றான். அழுதான். அந்த அழுகையைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. ஹெப்சிபா சுருக்கமாக ஜெபித்தார். ஆமென் சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தவன், இவர்கள் கிளம்புவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹெப்சிபா அசையவில்லை.

"சாப்பிட்டுத்தானே போறது வழக்கம்?" என்றார்.

அவன் திகைத்தான். கடையில் பரோட்டா வாங்கி வருகிறேன் என்றான். வேண்டாம், கஞ்சி போதும் என்றார் ஹெப்சிபா. எனக்கு அடுப்படிப் பக்கமே பழக்கம் இல்லையே அம்மா என்று அவன் தலையைச் சொறிந்தான்.

"அதனாலென்ன, அண்ணாச்சி இருக்காங்க. அசனத்துக்கு ஆயிரம் பேருக்குப் பொங்குறவங்க, மூணு பேருக்குப் பொங்க மாட்டாங்களா?"

ஏசுவடியானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வருஷா வருஷம் ஆலயத்தில் ஊருக்கே சாப்பாடு போடும் அசனப் பண்டிகையில் அடுப்புப் பக்கம் வேறு யாரையும் விடாதவர் அவர். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். மூன்று தடவை விருந்து சாப்பிட்ட வீட்டில் அப்போதுதான் முதன்முதலாக அந்த வாசலைத் தாண்டினார்.

அரிசிப் பானையைத் தேடும்போது கதவுக்குப் பின்னால் கால் இடித்தது. குனிந்து பார்த்தார். அம்மிக்கல்.

அம்மிக்கு அங்கே என்ன வேலை என்று முதலில் நினைத்தார். பிறகு கதவைப் பார்த்தார். உட்பக்கத் தாழ்ப்பாள் இல்லை. அது இருந்த இடத்தில் மரம் பிளந்து கிடந்தது. தரையைப் பார்த்தார். சமையல் மேடையடியிலிருந்து கதவு வரைக்கும் கல்லை இழுத்த தடம், சிமெண்டு வெளுத்துப்போகும் அளவுக்கு, ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தது. மூலையில் ஒரு பாய் விரித்தபடியே கிடந்தது. அதில் ஒரு பெரிய தலையணையும் ஒரு சின்னத் தலையணையும் இருந்தன.

காலால் கல்லைத் தள்ளிப் பார்த்தார். நகரவில்லை. உட்கார்ந்து இரண்டு கையாலும் தள்ளினார். மூச்சு வாங்கியது, கல் கொஞ்சம்தான் நகர்ந்தது. கை முறிந்தவள் இதைத் தனியாகத் தள்ளியிருக்க முடியாது. பிள்ளையும் சேர்ந்துதான் தள்ளியிருக்க வேண்டும்.

வெகு நேரம் கழித்து வெளியே வந்தார்.

"அடுப்புப் பத்த வைக்கலையா அண்ணாச்சி?"

"பசிக்கலம்மா."

பிறகு சாமுவேல்துரையிடம் திரும்பினார். "தாழ்ப்பாள் எங்கலே?" என்று கேட்டார். அவன் தரையைப் பார்த்தான்.

அவள் எப்போது வருவாள் என்று கடைசியில் அவன் ஹெப்சிபாவிடம் கேட்டான்.

"வருவாளா மாட்டாளான்னு அவகிட்டத்தான் துரை கேக்கணும். நாங்க இத்தன நாளும் உன்கிட்டயே கேட்டுட்டு இருந்துட்டோம். நாளைக்கு நீ பாட வேண்டாம், நற்கருணைப் பந்திக்கும் வர வேண்டாம். திங்கக்கிழம தனியா என்னைய வந்து பாரு. நீ திருந்தணும்னு எனக்கு ஆசை உண்டு. ஆனா அவ ஸ்டேஷனுக்குப் போகணும்னு சொன்னா நான் கூடப் போவேன்."

சாமுவேல்துரை ஏசுவடியானைப் பார்த்தான். இந்த மாதிரி நேரத்தில் தன் பக்கம் பேச உபதேசியார் ஒருத்தர் உண்டு என்று அவனுக்குத் தெரியும்.

"நானும் போவேன்," என்றார் ஏசுவடியான்.

திரும்பி வரும்போது அவர் சைக்கிளில் ஏறவில்லை. உருட்டிக்கொண்டே நடந்தார். ஹெப்சிபா குடையைப் பாதி அவர் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். குருமனைக் கேட்டுக்கு வெளியே ஏசுவடியான் நின்றுவிட்டார்.

"மூணு தடவயும் அவ கைய எடுத்து அவன் கையில வச்சது நான்தாம்மா. ஆண்டவரு என்னைய என்ன கேப்பாரு?"

ஹெப்சிபா குடையை மடக்கினார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"சமாதானம் ஆச்சுன்னு நீங்க வந்து சொன்னப்ப நானும் வேற ஒண்ணும் கேக்கலயே. அவரு நம்ம ரெண்டு பேரையும் சேர்த்துத்தான் கேப்பாரு. அது பிறகு. பாக்கியசீலி மக காலையிலயே கேட்டுட்டா. 'உபதேசியார் தாத்தா வரும்போதெல்லாம், எங்களக் கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்காங்கன்னு நான் பள்ளிக்கூடப் பைய மாட்டிட்டு வாசல்ல நின்னேன், ஏன் ஒவ்வொரு தடவயும் சாப்பிட்டுட்டு அவங்க மட்டும் போயிட்டாங்க?'ன்னு கேட்டா."

ஏசுவடியான் சைக்கிள் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"நான் அவளுக்கு என்னம்மா சொல்ல?"

"மத்தியானம் உங்க சைக்கிள் சத்தம் கேட்டதுமே அந்தப் பைய எடுத்துத் தோள்ல மாட்டிக்கிட்டா. திரும்ப வீட்டுக்குப் போகணுமா, இங்கயே இருக்கலாமான்னு அவளுக்குத் தெரியல. இன்னும் இறக்கி வச்சிருக்க மாட்டா. போய் நீங்களே சொல்லுங்க, அண்ணாச்சி."