பஞ்சு வைக்காத கூடு

தளிரி என்ற தூக்கணாங்குருவிக்கு ஓர் அநியாயம் நடந்தது. கூடு பார்க்கப் போனவளைப் பொன்முடி என்ற ஆண்குருவி உள்ளே விட்டு, வாசலை மறித்துக்கொண்டான்.

இருவரும் அதற்குமுன் நேரில் பார்த்ததில்லை. அந்தக் காட்டில் கிளிகள்தான் சேதி கொண்டுபோகும். "எங்கள் ஈச்சமரத்தில் எந்நேரமும் கூட்டம், கலகலப்பு!" என்று பொன்முடி சொல்லி அனுப்பினான். தளிரியும் சிரித்துச் சிரித்துப் பதில் அனுப்பினாள்.

போய்ப் பார்த்தால் ஒற்றை மரம். பாழுங்கிணற்றின் மேல் ஒற்றைக் கூடு. வந்தவளுக்குத் தினை மட்டும் தாராளமாக வைத்தான்.

தூக்கணாங்குருவிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆண் பாதிக் கூட்டைக் கட்டி நிறுத்துவான். பெண் வந்து நாரை இழுத்துப் பார்ப்பாள். பிடித்தால் தானே பஞ்சு கொண்டுவந்து உள்ளே வைப்பாள். அதுதான் சம்மதம்.

தளிரி இழுத்துப் பார்த்தாள். "கூடு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு வேண்டாம். கிளம்புகிறேன்!"

"எங்கே கிளம்புகிறாய்? அதோ, பஞ்சுகூட இருக்கிறதே!"

"அது நீ வைத்தது!"

"யார் வைத்தால் என்ன? சும்மா வெட்கப்படாதே!" என்று நெருங்கினான் பொன்முடி.

"இது வெட்கம் இல்லை, வேண்டாம்! கொண்டைச்சீ!" என்று கத்தினாள் தளிரி.

கொண்டைச்சி அவளுடைய தோழி, ஒரு கொண்டைக்குருவி. போகும் இடத்தை அவளிடம் முன்பே சொல்லியிருந்தாள் தளிரி. பக்கத்துப் புதரில் காத்திருந்தவள் பறந்து வந்து, வாசலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வாலில் போட்டாள் ஒரு கொத்து! பொன்முடி அலறி விலக, தளிரி வெளியே பாய்ந்தாள்.

மறுநாள் குளத்தங்கரையில் பறவைகள் கூடின. பொன்முடி வாலைக் கோதியபடி நின்றான். அவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேள்வியெல்லாம் தளிரிக்குத்தான்.

"கிளி களைத்துப்போகிற அளவுக்குப் பேசினாயாமே?" என்றது கொக்கு.

"அவன் வைத்த தினையைத் தின்றாயாமே?" என்றது மைனா.

"தெரியாத மரத்துக்கு ஏனம்மா போனாய்?" என்றது நாரை.

கொண்டைச்சி சீறிக்கொண்டு எழுந்தாள். தளிரி அவளை நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

"பேசினேன், பேசப் பிடித்தது. தின்றேன், பசித்தது. போனேன், பார்க்க வேண்டியிருந்தது. நான் பஞ்சு வைத்தேனா? அதை ஒருவர்கூடக் கேட்கவில்லையே! எத்தனை சேதிக்குச் சிரித்தவளாக இருந்தாலும், கூட்டுக்குள்ளேயே வந்து நின்றவளாக இருந்தாலும், அவள் ‘வேண்டாம்’ என்றால் அது வேண்டாம்தான்."