மரங்கொத்தி தானே போட்ட படம்

ஆள் கிடைக்காமலா? அதெல்லாம் இல்லைங்க. ஜப்பான்ல மரப்பலகைல படம் போடுறவங்க பல பேர் வரையுறது, செதுக்குறது, அச்சு எடுக்குறது மூணையும் தாங்களே செய்யுறதுக்குக் காரணம் ஒரு மரங்கொத்தி.

அந்தக் காலத்துல, மிருகமும் பறவையும் பேசிக்கிட்டிருந்தப்ப, அங்க ஒரு படத்துக்கு நாலு பேர். கொக்கு தாள்ல வரையும். அந்தத் தாளப் பலகைல குப்புற ஒட்டிருவாங்க. கோட்ட மட்டும் விட்டுட்டு மிச்சத்த மரங்கொத்தி கொத்தி எடுக்கும். மை தடவி வேற தாள் போட்டதும், ஆமை மேல ஏறி வயித்தால தேய்க்கும். நரி விக்கும். படத்துல பேரு கொக்குக்கு, முத்திரை நரிக்கு. மத்த ரெண்டுக்கும் சாப்பாடு.

ஆமைக்கு அது போதும். மரங்கொத்திக்கு இருப்புக் கொள்ளல.

"கொக்கண்ணே, அந்த மலை எனக்கு வேற மாதிரி தெரியுது."

"உனக்கு எப்படித் தெரியுதுன்னு யாருப்பா கேட்டா? கோட்டுல நில்லு."

ஒரு நாள் தாளே ஒட்டாத பலகைல அது கொத்த ஆரம்பிச்சிருச்சு. தன் பொந்து, எட்டிப் பாக்குற ரெண்டு குஞ்சு, அடியில தன் பேரு. நீல மையக் கொக்கு பூட்டி வச்சிருந்ததால சிவப்பத் தடவுச்சு.

"ஆமையண்ணே, கொஞ்சம் ஏறித் தேய்ங்க."

"கொக்கு வரையாத பலகைல ஏறினா நரி என்னைக் கவுத்துப் போட்டுரும் தம்பி. அப்புறம் யாரு நிமித்துறது?"

சரின்னு மரங்கொத்தி தானே தாள் மேல படுத்துத் தேய்ச்சுது. ஈரத்தாள்ல மை ஊறி வயித்துல ஏறினதக்கூடக் கவனிக்கல.

உரிச்சுப் பாத்தா, பேரு இடம் வலமா மாறிக் கெடக்கு. குப்புற ஒட்டின தாள்ல கோடு தானாவே திரும்பியிருக்கும். நேராக் கொத்தினா அச்சுல திரும்பிரும்னு அதுக்கு யாரும் சொல்லல, அதுவும் யோசிச்சதில்ல.

கொக்குக்குச் சிரிப்பு. "கண்ணாடிக்கு எழுதின கடுதாசியா இது?"

நரி சிரிக்கல. "கிழிச்சுப் போட்டுட்டு வேலையப் பாரு. இல்லேன்னா இனிமே உனக்குப் பலகை கிடையாது."

மரங்கொத்தி படத்தையே பாத்துச்சு. குஞ்சு ரெண்டும் எந்தப் பக்கம் பாத்தாலும் அதோட குஞ்சுதான்.

"தப்புதான். ஆனா இது என் தப்பு. இத்தன நாளா தப்புப் பண்ணக்கூட எனக்கு இடமில்ல"ன்னு சொல்லிட்டு, படத்தக் கவ்விக்கிட்டுப் பறந்திருச்சு.

பலகை இல்லையே. நிக்கிற மரத்துலயே கொத்துச்சு. அதுவும் சரியா வரலன்னா அடுத்த மரம்.

அன்னைலேர்ந்துதான் அது ஒரு மரத்துல தங்காம அலையுது. அங்க உள்ள மரங்கொத்திக்கு அடிவயிறு இன்னும் சிவப்பாவே இருக்கு. அதப் பாத்துத்தான் மனுஷனும், கோணலா வந்தாலும் மூணும் என் கையாலயே ஆகட்டும்னு உக்காந்துட்டான். ஆமை என்ன ஆச்சுன்னா...

என்ன ரெங்கராசு? அச்சு மிஷின்ல தாள் சிக்கிருச்சா? கைய விடாத, வர்றேன்.