காளை வயிற்றில் முதல் பந்தி

ஆனைக்குளம் சீமையின் ராஜா கொண்டல்ராயருக்கு யோசனை எதுவும் தோன்றாத நாள், ஊருக்கு நல்ல நாள். அன்றைக்கு நல்ல நாள் இல்லை.

காலையில் உலாவப் போனவர், அரண்மனைக் காளை ஒண்டியாக ஒரு கல்தூணை இழுத்து வருவதைப் பார்த்தார். வாயைப் பிளந்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு நேரே சபைக்கு வந்து உட்கார்ந்தார்.

"அந்தக் காளைக்கு என்ன போடுகிறோம்?"

உக்கிராணத்துப் பொறுப்பாளர் பேரம்பலம் எழுந்தார். அரண்மனைத் தானியமெல்லாம் அவர் கையில். அளந்து கொடுப்பதுதான் உத்தியோகம். கொடுக்கத்தான் மனசு வராது.

"காய்ந்த புல், மகாராஜா. வேறு ஒன்றும் கிடையாது."

"புல்லைத் தின்றே அவ்வளவு சதையா? அப்புறம் நம் படைக்கு எதற்குத் தினம் தினம் பருப்பு?"

பேரம்பலத்தின் முகத்தில் விளக்கு ஏற்றியது போல் இருந்தது. "இதை ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்தேன், மகாராஜா. எனக்குத்தான் தைரியம் வரவில்லை."

"நாளை மறுநாள் முதல் படைக்குப் புல்தான். நம் படை அந்தக் காளை மாதிரி இருக்க வேண்டும். இது ராஜ வாக்கு."

சபையின் ஓரத்தில் யாரோ சிரித்தார்கள். வேறு யார், குழைக்காதன்தான். விகடம் பேசுவதற்கென்றே அரண்மனை வைத்திருக்கிற ஆள். சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிப்பது அவன் தொழில்.

"என்ன சிரிப்பு, குழைக்காதா?"

"ஒன்றுமில்லை, மகாராஜா. சண்டைக்கு நடுவில் நம் ஆட்கள் மேயப் போய்விட்டால் யார் ஓட்டிக்கொண்டு வருவது என்று யோசித்தேன்."

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "அப்படியா? நாளைக் காலை இதே சபையில் ஒரு கட்டுப் புல்லை நீ தின்ன வேண்டும். மனிதனுக்குப் புல் ஏன் ஆகாது என்று எனக்கு விளங்கும்படி சொல்லிவிட்டால் தப்பித்தாய். இல்லையென்றால் ஆயுசுக்கும் உனக்கு அதுதான் சாப்பாடு."

காரணம் கண்டுபிடிப்பது பெரிய காரியமில்லை. ராஜாவுக்கு விளங்க வைப்பதுதான் மலை. குழைக்காதன் வீட்டுக்குப் போகாமல் மாட்டு வைத்தியரைத் தேடிப் போய், பொழுது சாயும் வரை பேசிக்கொண்டிருந்தான்.

மறுநாள் சபை நடுவில் வாழையிலை போட்டு, அதன்மேல் ஒரு கட்டுப் புல். பேரம்பலம் தன் கையாலேயே ஓரத்தில் உப்பு வைத்தார்.

"ஊறுகாய் வேண்டுமா, தம்பி?"

"இருக்கட்டும் அண்ணாச்சி. எப்படித் தின்பது என்று எனக்குப் பழக்கமில்லை. தெரிந்தவரைக் கூப்பிடுங்கள், பார்த்துச் செய்கிறேன்."

தெரிந்தவர் வந்தார். நாலு காலில் வந்தார். காளை இலையைப் பார்த்தது, குழைக்காதனைப் பார்த்தது, புல்லை இலையோடு சேர்த்து மளமளவென்று விழுங்கியது. பிறகு ராஜாவுக்கு எதிரிலேயே காலை மடக்கிப் படுத்து, கண்ணை அரைவாசி மூடி, வெறும் வாயை மென்றது.

"இப்போது எதைத் தின்கிறது, மகாராஜா? இலையும் காலியாயிற்றே."

"அசை போடுகிறது. இதுகூடத் தெரியாதா?"

"கிட்டே வந்து மோந்து பாருங்கள். அப்போதுதான் விஷயம் விளங்கும்."

ராஜா இறங்கி வந்து குனிந்தார். காளைக்கு ராஜா, மந்திரி என்ற பேதமெல்லாம் கிடையாது. நேராக அவர் முகத்தில் ஒரு ஏப்பம் விட்டது.

"சீச்சீ. புளித்த மாவு நாற்றம்."

"அதேதான். தோசை மாவை ராத்திரி யார் புளிக்க வைக்கிறார்கள்?"

"யாரும் இல்லை. பழைய மாவில் ஏதோ இருக்கிறது. அது தானே செய்கிறது."

"அந்த ஏதோதான், மகாராஜா. கண்ணுக்குத் தெரியாத கூட்டம். இதன் முதல் வயிறு ஓர் அண்டா. அதில் கோடிக்கணக்கில் குடியிருக்கிறார்கள். புல்லில் இருக்கிற கொஞ்சநஞ்சச் சத்தை எடுத்துத் தங்கள் உடம்பை வளர்க்கிறவர்கள் அவர்கள்தான். கொழுத்து, பெருகி, அடுத்த வயிற்றுக்குச் சரிகிறார்கள். காளை அங்கே அவர்களைச் செரித்துவிடுகிறது. இதற்குப் பருப்பு அவர்கள்தான். நம் காளை சைவமே இல்லை, மகாராஜா."

ராஜகுரு காதைப் பொத்திக்கொண்டார்.

பேரம்பலம் விடவில்லை. "ரொம்ப நல்லதாயிற்று. அந்தக் காளையின் வாயிலிருந்து ஒரு கரண்டி வழித்துப் புல்லோடு பிசைந்து வீரர்களுக்குக் கொடுத்துவிடலாம். கூட்டம் அங்கேயும் குடியேறும்."

ராஜா தலையாட்டினார். குழைக்காதன் பேரம்பலத்தின் பக்கம் திரும்பினான்.

"செய்யலாம், அண்ணாச்சி. குடியேற அண்டா அளவு வயிறு வேண்டும். படைவீரனுக்கு ஏது? இந்தச் சபையில் அந்த வசதி உங்களுக்கு மட்டும்தான். உங்களிடமே ஆரம்பிப்போம். வாயைத் திறங்கள்."

பேரம்பலம் தூணுக்குப் பின்னால் போனார்.

ராஜா திரும்பப் போய் ஆசனத்தில் உட்கார்ந்து தாடியைச் சொறிந்தார். "விளங்குகிறது. ஆனால் படை காளை மாதிரி இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேனே. சொன்ன வாக்கை எப்படி மாற்றுவது?"

"எதற்கு மாற்ற வேண்டும்? அப்படியே நிறைவேற்றுவோம். கொம்பும் திமிலுமாக வெளியே தெரிகிற காளை யார்? தாங்கள். உள்ளே இருந்து உழைக்கிற கூட்டம் யார்? படை. காளை வீட்டில் முதல் பந்தி உள்ளே இருக்கிறவர்களுக்குத்தான். புல் முற்றிச் சத்தற்றுப் போனால் அவர்கள் பட்டினி. அவர்கள் பட்டினி கிடந்தால், வயிறு முட்டப் புல் இருந்தும் காளை எலும்பும் தோலுமாகிவிடும்."

"நான்தான் காளையா?" ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதில் யாருக்கும் சந்தேகமே இல்லை, மகாராஜா."

சபையில் பாதிப் பேருக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது.

படைக்குப் பருப்பு உண்டு, முதல் பந்தியும் படைக்கே என்று அங்கேயே உத்தரவாயிற்று.

மத்தியானம் ராஜா இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். ஒன்றும் வரவில்லை. கைதட்டினார். யாரும் வரவில்லை. எழுந்து போய்ப் பந்திக் கூடத்தை எட்டிப் பார்த்தார். வரிசை வரிசையாக வீரர்கள். பேரம்பலம் வேர்த்து வழிய, கரண்டி கரண்டியாகப் பருப்பு ஊற்றிக்கொண்டிருந்தார். கடைசி வரிசையில், இரண்டு மீசைக்காரர்களுக்கு நடுவில் குழைக்காதன், முழங்கை வரை ரசம் வழிய உட்கார்ந்திருந்தான்.

"நீ எப்போதடா படையில் சேர்ந்தாய்?"

குழைக்காதன் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே நிமிர்ந்தான்.

"நான் படையில்லை, மகாராஜா. கண்ணுக்குத் தெரியாத கூட்டம். தாங்கள் இவ்வளவு சீக்கிரம் எட்டிப் பார்ப்பீர்கள் என்று நினைக்கவில்லை."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். பசித்த வயிற்றோடு சிரித்ததால் கொஞ்சம் காளைக் குரலாகத்தான் கேட்டதாம்.