அமாவாசை விருந்தும் முதுகேறிய மன்னனும்

முன்னொரு காலத்தில் நீர்க்குன்றை நாட்டைத் திருவிளங்கன் என்றொரு மன்னன் ஆண்டுவந்தான். அவன் காலெடுத்து வைக்காமல் அங்கே ஒரு துரும்பும் அசையாது. தேரோட்டமா, கல்யாணப் பந்தியா, முதல் அடி மன்னனுடையது. அடுத்தது தளவாய் பூபதிராயருடையது. மற்றவர்கள் அப்புறம்தான். முதல் மரியாதை என்று இதற்குப் பெயர்.

போன மழையில் ஆறு பெருகியபோதும் இதே கூத்துதான். படகுகள் துறையில் காத்திருந்தன. யார் முதலில் ஏறுவது என்று பெரிய வீட்டுக்காரர்கள் வாதாடி முடிப்பதற்குள் ஆற்றங்கரைத் தெருவில் தண்ணீர் கூரையைத் தொட்டுவிட்டது. செத்தவர்களுக்கு யார் முதலில் மாலை போடுவது என்று மறுபடியும் தகராறு. இது என்ன நியாயம் என்று கேட்க அந்தச் சபையில் அமைச்சர் தேனார்மொழி ஒருத்திதான் இருந்தாள்.

அடுத்த மழைக்கு முன் ஊரைக் காக்க வழி சொல்லுங்கள் என்றான் மன்னன். ராயர் எழுந்து, சிவப்புத் தலைப்பாகையோடு ஒரு வெள்ளப் படையும், யானைத் தோலில் ஒரு முரசும் வேண்டும் என்றார். தேனார்மொழியோ, அமாவாசைதோறும் ஊரில் விருந்து நடத்த அனுமதி போதும் என்றாள்.

சபை சிரித்தது. மன்னனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்லும் வழக்கமும் அவனுக்கு இல்லை. அதனால் இருவர் கேட்டதையும் கொடுத்துப் போட்டி வைத்தான். மழைக்காலத்தில் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் முரசை அடிக்கச் சொல்வேன், யாருடைய ஏற்பாடு தோற்கிறதோ அவர் நாட்டைவிட்டுப் போக வேண்டும் என்றான்.

விருந்து தொடங்கியது. ஆற்றங்கரைத் தெருவின் ஒவ்வொரு வீட்டுக்கும் மேட்டுத் தெருவில் ஒரு வீடு. அமாவாசையன்று கீழே இருப்பவர்கள் மேலே போய்ச் சாப்பிட வேண்டும். சோற்றைக் கட்டிக் கொடுக்கக் கூடாது. நடக்க முடியாதவர்களை மேல் வீட்டுக்காரர்களே வந்து தூக்கிப் போக வேண்டும்.

"கிழடு கட்டைகளை ஒரு வாய்ச் சோற்றுக்காக மூட்டை மாதிரி தூக்குகிறார்கள், அரசே. இதுவா காவல்?" என்றார் ராயர்.

மன்னன் தேனார்மொழியை அழைத்துக் கேட்டான்.

"பிள்ளைத்தாச்சியை எப்படித் தூக்குவது என்று போன அமாவாசைக்குத்தான் கற்றுக்கொண்டார்கள், அரசே. சாம்பார் மட்டும் இன்னும் சரியாக வரவில்லை" என்றாள் அவள்.

இவள் வெள்ளத்தைப் பற்றிப் பேசுகிறாளா, சமையலைப் பற்றியா? மன்னனுக்குத் தலை சுற்றியது. நேரிலேயே பார்த்துவிடுவது என்று முடிவு செய்து, மழைக்காலம் வரும்வரை காத்திருந்தான். நாளை உச்சிப்பொழுதில் முரசை அடி என்று காவலனிடம் இரகசியமாகச் சொல்லிவிட்டு, நரைத்த தாடி ஒட்டி, நொண்டிக் கிழவனாக ஆற்றங்கரைத் தெருவில் ஒரு காலிக் குடிசையில் போய்ப் படுத்துக்கொண்டான்.

சாயங்காலமே மேட்டுத் தெருக் குயவர் வீட்டுச் சடைச்சி தலையை நீட்டினாள். புது ஆளா, காலில் என்ன, தனியாகவா இருக்கிறீர்கள் என்று விசாரித்தாள். பிறகு அவனை மேலும் கீழும் பார்த்து, நல்ல கனம்தான் என்று முனகிக்கொண்டே போய்விட்டாள். எதற்கு எடை பார்க்கிறாள்? மன்னனுக்கு அதுவும் விளங்கவில்லை.

மறுநாள் விடிந்த கொஞ்ச நேரத்திலேயே முரசு அதிர்ந்தது. உச்சிப்பொழுது என்று சொன்னேனே, இந்தக் காவலனுக்குக் காது இல்லையா என்று மன்னன் பல்லைக் கடித்தான். அதற்குள் பாய் நனைந்தது. சடைச்சி உள்ளே வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"ஏறுங்க தாத்தா."

"இது பொய் முரசு, பெண்ணே. எனக்குத் தெரியும். நான்தான் இந்த நாட்டு அரசன்."

"இருந்துட்டுப் போங்க. காலை மடக்குங்க, வாசல்ல இடிக்கும்."

அரசன் ஏறினான். வேறென்ன செய்வான்? தெருவில் அவளுக்கு இடுப்பளவு தண்ணீர். முன்னால் யாரோ கயிறு பிடித்திருந்தார்கள், பின்னால் யாரோ அவன் காலைத் தாங்கினார்கள். முதல் மரியாதையை யாரும் கேட்கவில்லை. மேட்டில் இறக்கிவிட்டதும் திரும்பிப் பார்த்தான். அவன் படுத்திருந்த குடிசையை ஆறு அடித்துக்கொண்டு போனது. அது பொய் முரசு இல்லை.

கீழே அரண்மனை வாசலில் சிவப்புத் தலைப்பாகைகள் மார்பளவு நீரில் அணிவகுத்து நின்றன. படகில் மன்னர் முதலில் ஏறட்டும் என்று காத்திருந்தார்கள். மன்னரைத்தான் காணவில்லையே! கடைசியில் மேட்டுத் தெரு இளைஞர்கள் இறங்கி, ராயரையும் படையையும் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள்.

மன்னன் தாடியைப் பிய்த்தான். கூட்டம் திகைத்தது.

"யார் ஆணையில் இத்தனை பேரும் வந்தீர்கள்?" என்றான்.

 கூட்டத்தில் நின்ற தேனார்மொழிதான் பேசினாள்.

"போன வருஷம் யார் முதலில், யார் ஆணையில் என்ற கேள்விதான் அரசே ஆளைக் கொன்றது. சாப்பிட நடந்த வழி காலுக்குப் பழகியிருந்தது. தூக்கிப் பார்த்த ஆளின் கனம் முதுகுக்குத் தெரிந்திருந்தது. பக்கத்து வீட்டில் யாருக்கு என்ன என்று தெரிந்த பிறகு ஆணை எதற்கு?"

மன்னன் தலைகுனிந்தான். ராயர் நாட்டைவிட்டுப் போக வேண்டியதுதான் என்றான். வேண்டாம் என்றாள் அவள். "அவரை எந்த வீட்டுக்கும் தெரியாது, அதுதான் குறை. அமாவாசைதோறும் ஆற்றங்கரைத் தெருக்காரர்களுக்கு இலை போட்டுப் பரிமாறட்டும்."

ராயர் ஈரத் தலைப்பாகையைப் பிழிந்துகொண்டே சரி என்றார்.

மன்னனுக்கு உற்சாகம் பிறந்தது. இனி எல்லோரும் ஒருவருக்கொருவர் உதவ வேண்டும் என்று உடனே ஆணை எழுதுகிறேன் என்று ஓலை கேட்டான்.

"எழுதினால் அடுத்த வெள்ளத்தில் அந்த ஓலை வரட்டும் என்று நிற்பார்கள், அரசே."

மறுபடியும் குழப்பம். அப்படியானால் அரசனுக்கு என்னதான் வேலை? அவன் கேட்க வாயெடுப்பதற்குள் அடுப்படியிலிருந்து சடைச்சியின் குரல் வந்தது: "சும்மா நிக்கிறவங்க யாராவது இந்தக் கஞ்சி அண்டாவை ஒரு கை பிடிங்க."

மன்னன் சுற்றுமுற்றும் பார்த்தான். சும்மா நின்றது அவன் ஒருவன்தான். மேல்துண்டை மடித்துக்கொண்டு போய் அண்டாவின் ஒரு காதைப் பிடித்தான்.