ஒரு கட்டு வைக்கோலின் விலை

காட்டோரத்து ஏரிக்கரையில் வெண்ணி என்ற முயல் வளை தோண்டிக் குடியிருந்தது. அதற்கு மூன்று குட்டிகள். பிறந்து சில நாட்களே ஆகியிருந்தன. உடம்பில் முடிகூடச் சரியாக முளைக்கவில்லை.

அந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. முந்தின நாள் பெய்த மழையில், வளைக்குள் விரித்திருந்த புல்லெல்லாம் நனைந்துவிட்டது. வெளியிலும் காய்ந்த புல் ஒரு பிடி இல்லை. குட்டிகள் ஈரத் தரையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுத்து நடுங்கின. மேற்கே வானம் மறுபடியும் கறுத்துக்கொண்டு வந்தது.

"ஐயோ, இந்த ஈரத்தில் இன்னொரு மழையை இதுகள் தாங்காதே!" என்று வெண்ணி பதறியது.

காய்ந்த வைக்கோல் ஒரே இடத்தில்தான் இருந்தது. ஏரிக்கரையின் மறுபக்கம், புளியமரத்து வேருக்கடியில், தொந்தப்பன் என்ற பெருச்சாளி கடை வைத்திருந்தது. அறுவடை சமயத்தில் வயலிலிருந்து இழுத்து வந்த வைக்கோலைக் கட்டுக் கட்டாக அடுக்கி விற்றது.

வெண்ணியிடம் ஆறு சர்க்கரைவள்ளிக் கிழங்குகள் இருந்தன. மழை விடும்வரை அதுதான் சாப்பாடு. தாய் சாப்பிட்டால்தான் குட்டிகளுக்குப் பால். 'நாலு கிழங்கு வரைக்கும் கொடுக்கலாம். அதற்கு மேலே கொடுத்தால் பட்டினிதான்' என்று மனசுக்குள் முடிவு செய்துகொண்டது. ஆறையும் தேக்கு இலையில் பொதிந்து தூக்கிக்கொண்டு ஓடியது.

வழியெல்லாம் அதற்கு ஒரே கவலை. வெண்ணி இதுவரை யாரிடமும் விலையைக் குறைத்துக் கேட்டதில்லை. 'கேட்டால் கேவலமாகப் பார்ப்பாரோ? கோபித்துக்கொண்டு வைக்கோலே இல்லை என்று சொல்லிவிட்டால்?' என்று நினைத்துக்கொண்டே ஓடியது.

கடைக்குப் போனபோது அங்கே சிலும்பன் என்ற கீரி நின்றுகொண்டிருந்தது. அதற்கும் வைக்கோல்தான் வேண்டும்.

"கட்டு என்னய்யா விலை?" என்றது சிலும்பன்.

"ஆறு கிழங்கு!"

"ஆறா? இந்தக் குப்பைக்கா? மாடுகூட மோந்து பார்க்காது! ரெண்டு கிழங்கு வாங்கிக்கிட்டுப் பேசாமல் எடுத்துப் போடும்!"

தொந்தப்பனின் மீசை துடித்தது. "குப்பை எதுக்கு உனக்கு? போய் நல்லதா பார்த்து வாங்கிக்கோ!"

"ஊரை ஏமாத்தற பெருச்சாளி! உன்கிட்ட யார் வாங்குவா?" என்று கத்திவிட்டு சிலும்பன் விறுவிறுவென்று நடந்தது. போகும்போது வெண்ணியின் காதில், "பார்த்துக்கிட்டே இரு, என்னைத் திரும்பக் கூப்பிடுவார்!" என்று சொல்லிவிட்டுப் போனது. மெதுவாகத் திரும்பிப் பார்த்தது. யாரும் கூப்பிடவில்லை. இன்னும் கொஞ்ச தூரம் போய் மறுபடியும் பார்த்தது. தொந்தப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

இதைப் பார்த்த வெண்ணி தயங்கித் தயங்கிக் கடைமுன் போய் நின்றது.

"உனக்கு என்னம்மா வேணும்?" தொந்தப்பனின் குரலில் இன்னும் கோபம் தணியவில்லை.

"வைக்கோல்... ஒரு கட்டு..."

"ஆறு கிழங்கு. நாளைக்கு வந்தா எட்டு!"

வெண்ணி பொட்டலத்தை அவிழ்த்தது. ஆறையும் வைத்துவிட்டு ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் கண்ணுக்குள் குட்டிகள் வந்து நின்றன. கை அப்படியே நின்றது.

அப்போது அதன் நீண்ட காதுகளில் ஒரு சத்தம் விழுந்தது. கடையின் பின்பக்கம், அடுக்குக்கு அடியில், சளக்... சளக்... என்று மெல்லிய சத்தம். ஏரித் தண்ணீர்! தொந்தப்பனும் அடிக்கடி வானத்தைப் பார்ப்பதை வெண்ணி அப்போதுதான் கவனித்தது. 'இவருக்கும் பயம் இருக்கிறது!'

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. பின்னாடி தண்ணி கசியற மாதிரி கேட்குது. ஒரு தடவை பார்த்துடுங்க."

"விலையைக் குறைக்க இப்படி ஒரு வழியா?" என்று தொந்தப்பன் சீறியது.

"இல்லேண்ணே! நீங்க விலையைக் குறைக்காட்டாலும் போய்ப் பாருங்க. அப்புறம் எல்லாமே போயிடும்!"

தொந்தப்பன் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனது. அடுத்த நிமிஷம் அதன் அலறல் கேட்டது. "அடக் கடவுளே! அடிக்கட்டு நனைஞ்சுபோச்சே!"

வெளியே வந்தபோது அதன் வயிறெல்லாம் சேறு. இடி ஒன்று உருண்டது. இரண்டும் ஒரே சமயத்தில் திடுக்கிட்டன.

வெண்ணி துணிந்து கேட்டே விட்டது.

"அண்ணே, அந்த நனைஞ்ச கட்டையே எனக்குக் கொடுங்க. ஒரு பக்கம்தானே ஈரம்? ஈரத்தை வளை வாசலில் அடைச்சுப்பேன். உள்ளே காய்ஞ்சதைக் குட்டிகளுக்கு விரிப்பேன். மூணு கிழங்கு தர்றேன்."

தொந்தப்பன் அதன் முகத்தையே பார்த்தது. 'முடியாது என்று சொல்லிவிட்டால்?' என்று வெண்ணி பயந்தது.

"அஞ்சு கொடும்மா! தூக்கிட்டு வந்த உழைப்பு இருக்குல்ல?"

"உழைப்பு இருக்குண்ணே, இல்லேன்னு சொல்லல. எனக்கும் பால் கொடுக்கற உடம்பு. நாலு. அதுக்கு மேலே என்னால முடியாது."

தொந்தப்பன் அண்ணாந்து வானத்தைப் பார்த்தது. மூக்கின்மேல் ஒரு துளி விழுந்தது.

"சரி, நாலு! சீக்கிரம் எடு! நான் மத்ததை மேட்டுக்கு ஏத்தணும்!" என்று சொல்லிக்கொண்டே, அடிக்கட்டை இழுத்து வந்து அதுவே வெண்ணியின் முதுகில் ஏற்றிவிட்டது. "நீ சொல்லலேன்னா மொத்தமும் போயிருக்கும்மா" என்றது தாழ்ந்த குரலில்.

வெண்ணி கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது. சிலும்பன் தொப்பலாக நனைந்து ஓடிவந்தது. "யோவ்! ஆறு கிழங்கே தர்றேன், ஒரு கட்டு கொடும்!"

"குப்பை விக்கறதில்லே!" என்றது தொந்தப்பன். ஒரு கட்டை வாயில் கவ்விக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் மேடேறிப் போனது.

வெண்ணி அதையெல்லாம் நின்று பார்க்கவில்லை. மழை வலுத்தது. வைக்கோல் முதுகை அழுத்தியது. வழியில் இருந்த ஓடை நிரம்பி ஓடியது. 'வளைக்குள் தண்ணீர் போயிருக்குமோ? நான் பேரம் பேசிக்கொண்டு நின்றுவிட்டேனோ?' தட்டுத் தடுமாறி வாசலை அடைந்து காதை வைத்துக் கேட்டது.

உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

"கண்ணுகளா!" என்று அலறிக்கொண்டு உள்ளே பாய்ந்தது. மூலையில் மூன்று குட்டிகளும் சுருண்டு கிடந்தன. மூக்கால் தொட்டது. முதல் குட்டி அசைந்தது. இரண்டாவதும் அசைந்தது. மூன்றாவது சில்லென்று இருந்தது. வெண்ணி கட்டின் நடுவில் நனையாமல் இருந்த வைக்கோலை உதறி விரித்து, அந்தக் குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நக்கிக்கொண்டே இருந்தது. நெடுநேரம் கழித்து அது மெல்ல வாயைத் திறந்து பாலைத் தேடியது.

வெண்ணி பெருமூச்சு விட்டது. ஈர வைக்கோலால் வாசலை அடைத்துவிட்டு, மிச்சமிருந்த இரண்டு கிழங்குகளில் ஒன்றைக் கடித்தது.

விலையைக் குறைத்துக் கேட்பதில் வெட்கமும் வேண்டாம், விற்பவரை மட்டம் தட்டவும் வேண்டாம். நம்மால் முடிந்தது எவ்வளவு என்று தெரிந்துகொண்டு, எதிரில் இருப்பவரின் கஷ்டத்தையும் பார்த்துப் பேசினால் இருவருக்கும் கட்டுப்படியாகும் விலை கிடைக்கும்.