வெள்ளரித் தோட்டத்து வரப்பு

பங்குனி மாதம். காட்டுப் புங்க மரங்களெல்லாம் புதுத் தளிர் விட்டிருந்தன. குரங்கு, மான், முயல், ஆமை நான்கும் காலையிலேயே ஊர் சுற்றக் கிளம்பின. காட்டைத் தாண்டி, வயல்வெளி வழியே நடந்து, தாமரைக் குளத்தில் இளைப்பாறிவிட்டுப் பொழுது சாய்வதற்குள் திரும்ப வேண்டும் என்று பேச்சு.

காட்டோரம் ஒரு வெள்ளரித் தோட்டம் இருந்தது. ஒரு கருப்பு நாய் அதைக் காவல் காத்தது.

"நாயண்ணா, வரப்பு வழியாகப் போகலாமா?" என்று மான் கேட்டது.

"தாராளமாகப் போங்கள். ஆனால் கீழே இறங்கக் கூடாது. கொடியில் பிஞ்சு பிடித்திருக்கிறது!" என்று சொல்லிவிட்டு, நாய் தோட்டத்தின் மறுபக்கம் போனது.

குரங்கு முன்னால் நடந்தது. பிஞ்சுகளைப் பார்த்ததும் அதற்கு வாய் ஊறியது.

"ஒன்றே ஒன்று!" என்று கீழே குதித்தது.

குரங்கு இறங்கியதால் முயலும் இறங்கியது. முயல் தின்பதைப் பார்த்து மானும் இறங்கியது. ஒன்று நான்காயிற்று, நான்கு பத்தாயிற்று. மானின் குளம்பு பட்டுக் கொடிகள் நசுங்கின. வயிறு நிறைந்ததும் மூன்றும் குளத்தை நோக்கி ஓடின.

ஆமை பின்னால் மெதுவாக வந்தது. அது வரப்பை விட்டு இறங்கவே இல்லை. அப்போது நாய் திரும்பி வந்தது.

"இதற்குத்தான் வழி கேட்டீர்களா?"

"ஐயோ, நான் எதையும் தொடவில்லையே!"

"தொட்டவர்கள் உன் கூட்டம்தானே!"

நாய் ஆமையை மூக்கால் புரட்டி மல்லாக்கப் போட்டது. ஆமை நண்பர்களை உரக்கக் கூப்பிட்டது. யாரும் வரவில்லை. வெயில் ஏறியது. அதன் வயிற்றைச் சுட்டது.

குளக்கரையில் மான் சுற்றுமுற்றும் பார்த்தது. "ஆமை எங்கே?"

"வரும், வரும்! அது என்றைக்கு நம்மோடு சேர்ந்து வந்திருக்கிறது?" என்றது குரங்கு.

தூரத்தில் நாய் விடாமல் குரைத்தது. மானுக்குத் திக்கென்றது.

"நாய் ஆமையைப் பிடித்துக்கொண்டது!"

"தின்றது நாம்! அதை ஏன் பிடிக்க வேண்டும்?" என்றது முயல்.

"அங்கே அகப்பட்டது அதுதானே!"

மான் திரும்பி ஓடியது. முயல் நடுங்கிக்கொண்டே பின்தொடர்ந்தது. குரங்கும் வேறு வழியில்லாமல் கிளம்பியது.

"நாயண்ணா, தின்றது நாங்கள் மூவரும்தான். ஆமையை விட்டுவிடுங்கள்!" என்று மான் தலை குனிந்து நின்றது.

"சாயங்காலம் தோட்டக்காரர் வருவார். இதைப் பார்த்தால் அடி எனக்கல்லவா விழும்!" என்றது நாய். ஆனாலும் ஆமையைப் புரட்டி நேராக்கியது.

மூன்றும் சாய்ந்த கொடிகளை நிமிர்த்தி, வேரில் மண் அணைத்தன. ஒடிந்தவற்றை ஒன்றும் செய்ய முடியவில்லை.

"இனி இந்த வரப்பில் உங்களில் யாருக்கும் வழி கிடையாது!" என்றது நாய். அது ஆமைக்கும் சேர்த்துத்தான்.

நான்கும் கள்ளிக்காட்டைச் சுற்றிக்கொண்டு வீடு திரும்பின. வழியில் குரங்கு மன்னிப்புக் கேட்டது.

"நாய் புரட்டியதுகூடப் பெரிதில்லை. அவ்வளவு கூப்பிட்டேன், ஒருவர் காதிலும் விழவில்லையே!" என்றது ஆமை.

கூட்டத்தில் முன்னால் போகிறவர் செய்யும் தவறு, பின்னால் வருகிறவர் தலையில்தான் விடியும்.