வெளிமானுக்கு எந்த வில்

“வில்லு சரியில்லை தாயி” என்றான் மருதையன்.

வெள்ளச்சி கிழங்கு சுட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“நீளம் ஜாஸ்தி. மேட்டுவெளியில புல்லு முழங்காலுக்குக்கூட இல்லை. ஒளிய ஒரு புதர் கிடையாது. படுத்து ஊர்ந்து போனாலும் வில்லு முனை மேலே தெரியுது. மான் பாத்துடுது.”

“குட்டை வில்லு உள்ளே இருக்கு. எடுத்துக்கங்க அண்ணே.”

எடுத்துக்கொண்டு போனான்.

மருதையன் ஆடு மேய்த்தவன். மழை வராமல் போனது. ஆடுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. கடைசி ஆட்டையும் தின்று தீர்த்த பிறகு ஊரில் அடுப்பெரிக்கக் காரணம் இல்லை.

வீட்டில் மனைவி சடைச்சி இருந்தாள். மகள் மயிலி இருந்தாள். மயிலிக்குக் காய்ச்சல். புளியங்கொட்டைக் கஞ்சி அவள் வயிற்றில் தங்கவில்லை. கொஞ்சம் கறிச்சாறு இறங்கினால் பிள்ளை எழுந்துவிடும் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள்.

அந்தச் சீமையில் மிஞ்சியிருந்த கறி, மரமில்லாத மேட்டுவெளியில் மேய்ந்த வெளிமான் மட்டும்தான். அதை நெருங்கத் தெரிந்தவள் வெள்ளச்சி ஒருத்திதான். காட்டுப்பன்றி முட்டியதில் அவளுடைய வலது தோள் முறிந்திருந்தது. இடது கையால் வில்லைப் பிடிப்பாள். நாணை இழுக்க முடியாது.

அதனால் ஊரை விட்டு வந்து, அவள் குடிசையில் தங்கிக் கற்றுக்கொண்டான். அவனைவிட வயதில் இளையவள். இருந்தும் அவன் தாயி என்று கூப்பிட்டான். அவள் அண்ணே என்று கூப்பிட்டாள்.

மாலையில் வெறுங்கையோடு திரும்பினான்.

“குட்டை வில்லுல அம்பு எட்டலை.”

“எவ்வளவு கிட்டப் போனீங்க?”

அவன் காலைத் தூக்கிக் காட்டினான்.

“செருப்பு சத்தம் போடுது” என்றான்.

“கழட்டிட்டுப் போங்க.”

மறுநாள் வெறுங்காலோடு போனான். நெருஞ்சி குத்தியது. காலை உதறினான். கூட்டம் முழுவதும் ஒரே தாவலில் வெளியின் மறுகோடிக்குப் போய்விட்டது.

தூணிக்குள் அம்புகள் உரசிக்கொள்கின்றன என்றான். வெள்ளச்சி புல்லைத் திணித்துக் கொடுத்தாள்.

வேட்டி வெளுப்பாக இருக்கிறது என்றான். செம்மண் சேற்றில் முக்கிக் கொடுத்தாள்.

சுரைக்குடுக்கையில் தண்ணீர் குலுங்குகிறது என்றான். வாய் வரைக்கும் நிரப்பிக் கொடுத்தாள்.

அம்பில் கட்டிய கழுகிறகு காற்றில் இரைகிறது என்றான். அவிழ்த்துவிட்டு வேறு இறகு கட்டினாள். ஒரு கையாலும் பல்லாலும் கட்டினாள்.

அவன் கேட்ட எதையும் அவள் மறுக்கவில்லை. அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

“எதை எடுத்துட்டுப் போகணும், எதை விட்டுட்டுப் போகணும்னு ஒரு தடவையாவது நீயாச் சொல்லு!” என்று கத்தினான். மரியாதை தவறியதை அவன் கவனிக்கவில்லை. “கேட்டதெல்லாம் குடுக்குற. சரியான ஒண்ணைக் குடுக்க மாட்டேங்குற. அங்கே என் பிள்ளை கிடக்குது!”

வெள்ளச்சி தன் வலது கையைப் பார்த்தாள். அது மடியில் கிடந்தது.

“சரியானது ஒண்ணு என்கிட்ட இருந்தா, நான் இப்படி ஆகியிருப்பேனா அண்ணே?”

மறுநாள் உச்சிவெயிலில் சடைச்சியின் தம்பி வந்தான். தூரத்திலேயே நின்றுவிட்டான்.

“என்னடா?” என்றான் மருதையன்.

“பாப்பா போயிருச்சு மாமா.”

“எப்போ?”

“முந்தாநாள். உங்ககிட்ட வந்து சொல்ல எனக்குக் கால் வரலை.”

மருதையன் கையிலிருந்த அம்பைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தான். நிறுத்தவில்லை.

“உங்க அக்கா?”

“அழவே இல்லை. எதுவும் சாப்பிடவும் இல்லை. தண்ணிகூட வேண்டாங்குது. நான் போகணும் மாமா, தனியா விட்டுட்டு வந்திருக்கேன்.”

போய்விட்டான்.

பொழுது சாயும் வரை மருதையன் அந்த ஒரே அம்பைத் தேய்த்தான். இரும்பு தேய்ந்து இலைபோல ஆனது. வெள்ளச்சி வந்து அதை அவன் கையிலிருந்து எடுத்து வைத்தாள்.

விடிந்தபோது அவன் முதுகில் ஒரு பெரிய மூட்டையோடு குடிசை வாசலில் நின்றான்.

“எங்கே அண்ணே?”

“மேட்டுவெளிக்கு.”

“மூட்டையில என்ன?”

“ரெண்டு வில்லும் இருக்கு. செருப்பு இருக்கு, வெறுங்காலுன்னா கழட்டிக்கலாம். மறைஞ்சு போகப் புல்லுத்தட்டி. போத்திக்க மான்தோல். மாத்து நாண். தண்ணி. கிழங்கு. படுக்கச் சாக்கு.” மூச்சு வாங்கினான். “இந்தத் தடவை எதையும் குறை சொல்ல முடியாது.”

வெள்ளச்சி எழுந்து வந்தாள். இடது கையால் மூட்டையைத் தூக்கிப் பார்த்தாள். அது அசையவில்லை.

“மான் விழுந்தா, அதை எங்கே வைப்பீங்க?”

அவன் மூட்டைக் கயிற்றை இறுக்கிப் பிடித்தான்.

“இது வெறுங்கையோட திரும்புறவங்க கட்டுற மூட்டை அண்ணே.”

மூட்டை அவன் முதுகிலிருந்து நழுவியது. அதன் பக்கத்திலேயே அவனும் உட்கார்ந்தான். பிறகு அழுதான். ஆடு செத்தபோதும் அழாதவன், முகத்தை மூடிக்கொள்ளாமல் அழுதான்.

“எனக்குத் தெரியும் தாயி. ஒவ்வொரு தடவையும் கிளம்புறப்பவே தெரியும், கிடைக்காதுன்னு. வில்லு சரியில்லைன்னு சொல்லிட்டா, நான் சரியில்லைன்னு சொல்ல வேண்டாம் பாருங்க.”

அவள் தேற்றவில்லை. அழுது முடியட்டும் என்று நின்றாள்.

முடிந்ததும் அவன் கேட்டான். “இப்போ எதை எடுத்துட்டுப் போகட்டும்?”

அவள் அடுப்புப் பக்கம் போய்விட்டாள்.

மருதையன் மூட்டைக்குள் கையை விட்டான். கைக்கு வந்த வில்லை உருவினான். இரண்டு அம்புகளை இடுப்பில் செருகினான். திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

மேட்டுவெளியில் காற்று எதிர்முகமாக அடித்தது. மான்கள் தூரத்தில் புள்ளிகளாகத் தெரிந்தன. அவன் குப்புறப் படுத்து ஊர ஆரம்பித்தான்.

நெருஞ்சி முழங்கையில் ஏறியது. உதறவில்லை. எறும்பு கழுத்தில் கடித்தது. கடிக்கட்டும் என்று விட்டான். நாக்கு வறண்டது. எதுவும் அவனுடைய உடம்பில் நடப்பதாகவே அவனுக்குத் தோன்றவில்லை.

ஒரு பெட்டைமான் தலையைத் தூக்கி அவனையே பார்த்தது. மருதையன் கன்னத்தை மண்ணில் வைத்தான். மண் சுட்டது. மயிலியின் நெற்றி இப்படித்தான் சுட்டது. அவன் அப்படியே கிடந்தான். மான் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய் மறுபடி குனிந்தது.

வெயில் உச்சியைத் தாண்டியது. கூட்டம் மேய்ந்தபடி அவன் பக்கமாகவே நகர்ந்து வந்தது. முன்னால் ஒரு கிழட்டுக் கலைமான். அதற்கும் தின்ன ஏதுமில்லை. விலா எலும்பு வரிசையாகத் தெரிந்தது. கண்ணிமை மயிர்கூடத் தெரிந்தது.

ஒருக்களித்து நாணை இழுத்தான்.

கலைமான் கொஞ்ச தூரம் ஓடியது. நின்றது. பிறகு முன்னங்காலை மடக்கிப் படுப்பதுபோல விழுந்தது. மருதையன் அதன் கழுத்தில் கை வைத்தபடி, சூடு இறங்கும் வரைக்கும் உட்கார்ந்திருந்தான்.

இருட்டுவதற்குள் வெள்ளச்சியின் குடிசைக்கு வந்து மானை இறக்கினான். அவள் கத்தியை எடுத்தாள். அவன் தோலைப் பிடித்துக்கொள்ள, அவள் இடது கையால் அறுத்தாள்.

“இவ்வளவு கிட்ட இருந்துச்சு தாயி” என்றான். “கையை நீட்டினா தொட்டிருக்கலாம்.”

அவள் ஈரலைத் தனியாக எடுத்து வைத்தாள்.

“தினமும் இவ்வளவு கிட்டத்தான் இருந்திருக்குமா?”

அவள் தனக்கு ஒரு தொடையை மட்டும் எடுத்துக்கொண்டாள். மீதிக் கறியை இலையில் சுற்றி, மான் தோலிலேயே வைத்துக் கட்டினாள். அவன் முன்னால் தள்ளினாள்.

“கிளம்புங்க. வீடு போய்ச் சேருங்க.”

மருதையன் கட்டைத் தொடவில்லை.

“கொண்டு போனா சடைச்சி கேப்பா.”

“என்ன கேப்பாங்க?”

“பிள்ளை இருந்தப்போ இந்தக் கறி எங்கே போச்சுன்னு கேப்பா. என் மூஞ்சியைப் பாத்துக் கேப்பா. நான் என்ன தாயி சொல்லுவேன்?”

வெள்ளச்சி கத்தியைப் புல்லில் துடைத்தாள்.

“கேக்கட்டும். கேக்குறதுக்கு அண்ணி உசுரோட இருக்கணும்.”